பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு ஸ்பானிஷ் வாய்ப்பாடு

எனக்குப் பாட வராது. என்னைப் பெண் பார்க்க வந்த முதல் கூட்டத்திடம் அம்மா இதை முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. பையனின் அத்தை ஒரு வாய் கேசரியைப் போட்டுக்கொண்டு, "ஒரு பாட்டு பாடும்மா" என்றதும் வீடு கப்சிப் என்று ஆகிவிட்டது. ஆரணியில் தறி இருக்கும் வீட்டில் அப்படி ஓர் அமைதி லேசில் வராது. விருந்தாளிகளுக்காக அப்பா அன்று தறியை நிறுத்தி, பாவு நூலின் மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அம்மா உளறிவிட்டாள்.

"பாட்டெல்லாம் வராதுங்க. ஆனா ஸ்பானிஷ் படிச்சிகினு கீறா."

அத்தைக்கு ஸ்பானிஷ் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்கே அப்போது அரைகுறைதான். ஆனாலும் அவள் விடவில்லை.

"அப்ப அதுல ஏதாச்சும் பேசு, கேப்போம்."

பேசுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. மனப்பாடமாக இருந்தது இலக்கணப் புத்தகத்தின் முதல் வினைச்சொல் மட்டும்தான். கையில் காபித் தட்டை வைத்துக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக ஒப்பித்தேன். "அப்லோ, அப்லாஸ், அப்லா, அப்லாமோஸ், அப்லாயிஸ், அப்லான்." நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவள் பேசுகிறாள், நாம் பேசுகிறோம். ஒருவரும் என்னைப் பேச விடாத ஒரு கூடத்தில் நின்றுகொண்டு, பேசுவதை ஆறு விதமாகச் சொல்லி முடித்தேன்.

"பாட்டு மாதிரியே கீதே!" என்றாள் அத்தை. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்கும் அது எத்தனையாவது வீடோ.

அந்த இடம் அமையவில்லை. ஜாதகம் சரியில்லை என்று தரகர் வந்து சொன்னார். ஆனால் செய்தி மட்டும் எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. அதன் பிறகு முள்ளிப்பட்டிலிருந்து வந்தாலும் சரி, பெரணமல்லூரிலிருந்து வந்தாலும் சரி, சொஜ்ஜி, போண்டா முடிந்து கை கழுவியதும் யாராவது ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்பார்கள். "பொண்ணு ஏதோ பாஷை பேசுமாமே?"

இரண்டாயிரம் பிறந்த பிறகு வந்த வருடங்கள் அவை. நான் பட்டு ஜவுளிக் கடை ஒன்றில் கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டப்படிப்பு முடித்து, அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமாவும் முடித்தவளுக்கு ஆரணியில் அதற்கு மேல் வேலை கிடையாது. சென்னையில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது அங்கிருந்த பெண் ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டாள். ஸ்பெயினிலிருந்து வரும் பில்களைப் படித்துக் கணக்கில் ஏற்றும் வேலை இருக்கிறது, ஸ்பானிஷ் தேர்வில் இந்த நிலை வரை தேறிவிட்டு வா, வேலை உனக்கு. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. அந்த வேலை கிடைத்தால் சென்னையில் ஹாஸ்டலில் இருப்பேன். ஹாஸ்டலுக்குள் வந்து யாரும் பெண் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே படித்தேன். சனிக்கிழமைதோறும் முதல் பஸ்ஸைப் பிடித்துச் செய்யாறு, காஞ்சிபுரம் வழியாகச் சென்னை. இரண்டு மணி நேர வகுப்பு. மறுபடி அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் சென்னைக்காரர்கள். வகுப்பு முடிந்த பிறகும் ஹோட்டலில் உட்கார்ந்து ஸ்பானிஷில் அரட்டை அடித்துப் பழகினார்கள். எனக்கு பஸ் போய்விடும். டீச்சர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். விதியை விடு, வாயைத் திற, தப்பாகவாவது பேசு.

நல்ல யோசனைதான். யாரிடம் பேசுவது? எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரரிடமா? தனியாக உட்கார்ந்து ஒரு பாஷையைப் படிக்கிறவளுக்கு விதிகளைத் தவிர வேறு துணை கிடையாது. எனக்கு இது பழக்கமான வழியும்கூட. தொண்ணூறுகளில் அரசுப் பள்ளியில் இங்கிலீஷையும் இப்படித்தான் படித்தேன். ஒரு வார்த்தை பேசத் தெரியாது. ஆனால் எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றிவிடுவேன். அந்த வழியில் மார்க் வந்தது, டிகிரி வந்தது. ஸ்பானிஷ் மட்டும் வராமல் போய்விடுமா என்று நினைத்தேன்.

கடையில் ஓரம் நசுங்கிய புடவைப் பெட்டிகளை ஒதுக்கிவிடுவார்கள். அவற்றின் மூடிகளை வாங்கி வந்து, உள்பக்கத்தில் ஒரு மூடிக்கு ஒரு வினைச்சொல் என்று எழுதி, நான் படுக்கும் மூலையில் ஒட்டினேன். நிகழ்காலம் ஒரு வரிசை, அதன் கீழே இறந்தகாலம். விதிக்கு அடங்காத வினைகளுக்குச் சமையலறை வாசல். அம்மா அரிசி களைந்துகொண்டே அவற்றைப் பார்ப்பாள். அவளுக்கு எழுத்து புரியாது, ஆனால் அவற்றில் சில மட்டும் ஏன் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று ஒரு நாள் கேட்டாள்.

"அதுங்க சொன்ன பேச்சு கேக்காதும்மா. ஒவ்வொண்ணும் அது இஷ்டத்துக்கு மாறும்."

"அதுங்களையாடி சமையக்கட்டுல கொண்டாந்து உட்டுக்கீற?"

ஒரு விஷயத்தில் நமக்கு அந்த பாஷை சொந்தக்காரர் மாதிரி. 'வந்தேன்' என்று சொன்னால் போதும், வந்தது நான் என்று தெரிந்துவிடும். ஸ்பானிஷிலும் அப்படியே. வகுப்பில் இங்கிலீஷ் வழியாகவே யோசித்தவர்கள் இதைப் பார்த்து மலைத்தபோது நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். ஆனால் உயிரில்லாத பொருளுக்கெல்லாம் ஆண், பெண் என்று பிரித்து வைத்திருந்த இடத்தில் எனக்கும் தலை சுற்றியது. மேஜை பெண், புத்தகம் ஆண். ஏன் என்று கேட்கக் கூடாது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "மேஜ பொம்பளையா? அப்ப அதுக்கும் ஒரு மாப்ள பாக்கணுமா?" சொல்லிவிட்டு, சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அடுத்த ஞாயிறு யாரோ வருவதாக இருந்தது.

'இருக்கிறேன்' என்பதற்கு அங்கே இரண்டு வினைகள். மாறாத சங்கதிக்கு ஒன்று, இன்றைக்கு இருந்து நாளைக்கு மாறிப்போவதற்கு ஒன்று என்று புத்தகம் சொன்னது. நான் டீச்சரிடம் கேட்டேன், கல்யாணம் ஆகாதவள் என்று சொல்ல எதைப் போட வேண்டும்? இரண்டையும் போடலாம் என்றார். அந்தப் பதில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. விதி என்றால் ஒரு பக்கம் நிற்க வேண்டும்.

விருப்பத்துக்கும் பயத்துக்கும் சந்தேகத்துக்கும், இன்னும் நடக்காத எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு வினை வடிவம் உண்டு. வகுப்பில் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் கழன்றுகொண்டார்கள். எனக்கு அது சுலபமாக வந்தது. எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் அந்த வடிவத்தில்தானே நடந்துகொண்டிருந்தது. இந்த இடம் அமையட்டும், அவர்கள் எதுவும் கேட்காமல் இருக்கட்டும், இவள் கொஞ்சம் சதை போடட்டும்.

ஆனால் சோர்ந்துவிட்டேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? காலையில் கடை, சாயங்காலம் விதிகள், சனிக்கிழமை பஸ், ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள். தறி ஓடும் சத்தத்தில் எனக்குப் பாடம் ஏறும். அமாவாசையன்று தறி ஓடாது, அன்று வீடே அடங்கிக் கிடக்கும், அன்றைக்குத்தான் ஒரு வரிகூட மண்டையில் நிற்காது. வெறுமனே சுவரில் இருக்கும் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். தேர்வுக்கு ஒரு முறை போய் இரண்டு மார்க்கில் கோட்டை விட்டுவிட்டு வந்தேன். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். வாய்மொழித் தேர்வில் பாதிக் கேள்விகளுக்கு வாயே திறக்கவில்லை. மறுபடி ஒரு வருடம் அதே பஸ்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் வந்தார்கள். செருப்பை, தான் உட்கார்ந்து நெய்யும் தறிக்குழிப் பக்கம் கழற்றாதீர்கள் என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். நான் புடவையைக் கட்டிக்கொண்டு வருவேன், காபி கொடுப்பேன், வாய்ப்பாட்டை ஒப்பிப்பேன். கடைசி இரண்டு வருடங்களில் முதல் வினைச்சொல் எனக்கே சலித்துப்போய் வேறு வினைகளுக்குப் போய்விட்டேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு தடவை எதிர்காலம் முழுவதையும் ஒப்பித்தேன், ஒரு பெரியவர் கை தட்டினார். பிறகு பதில் வரும். பெண் குள்ளம். பெண்ணுக்கு வயசு கூட. ஒரு வீட்டிலிருந்து, "இவ்ளோ படிச்சது நம்ம வூட்ல அடங்குமா?" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவர்கள் கிளம்பிப் போனதும் அம்மா அபிப்பிராயம் கேட்கத் தொடங்குவாள். அப்பாவிடம் கேட்பாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பாள். ஒரு தடவை மறுநாள் காலையில் பால்காரரிடம்கூடக் கேட்டாள், பையனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறாராமே என்று. நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது முறை தேர்வுக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கூட்டம் வந்தது. போளூர் பக்கம் ஜவுளி வியாபாரம். தேர்வு முடியட்டுமே என்று நான் சொன்னதற்கு, "நல்ல எடம், அவங்க காத்துகினு இருப்பாங்களா?" என்றாள் அம்மா. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஒப்பித்தேன், போனார்கள். அன்று முழுவதும் படிக்க முடியாமல் எனக்கு ஒரே பேஜாராக இருந்தது.

சென்னையில் எழுத்துத் தேர்வு காலையில் முதல் வேலையாக முடிந்தது. அதில் பயம் இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு நாங்கள் எல்லோருமே ஒரு கட்டுரையைத் தயார் செய்து வைத்திருந்தோம். போன ஞாயிறு என்ன செய்தாய் என்றுதான் கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். என் கட்டுரையில் நான் குடும்பத்தோடு படவேடு கோவிலுக்குப் போனேன். பஸ் தாமதமாக வந்தது, மலை அழகாக இருந்தது, புளிசாதம் சாப்பிட்டோம். இறந்தகால விதிகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும்படி பார்த்துப் பார்த்துக் கட்டியது.

உள்ளே ஸ்பெயின்காரப் பெண்மணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். வெயில் தாங்காமல் ஒரு காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். அவளும் களைத்துத்தான் போயிருந்தாள். போன ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். நான் கட்டுரையில் இருந்த பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பஸ் தாமதமாக வந்த இடத்திலேயே அவள் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள்.

காலையிலிருந்து எல்லோரும் கோவிலுக்கே போயிருக்கிறீர்கள் என்றாள் ஸ்பானிஷில், சிரித்துக்கொண்டு. பிறகு மெதுவாக, எனக்குப் புரியும்படி கேட்டாள். நீங்கள் நிஜமாகவே கோவிலுக்குப் போனீர்களா?

வேறு கட்டுரை கிடையாது. இல்லை என்றேன். அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியாமல், நடந்ததை எடுத்து, விதிப்படி ஒவ்வொரு வார்த்தையாக அடுக்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். சாப்பிட்டார்கள். என்னைப் பார்த்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பேசினேன். அவர்களுக்குப் புரியவில்லை. போய்விட்டார்கள்.

அவள் விசிறுவதை நிறுத்திவிட்டாள். எதற்காக வந்தார்கள் என்று கேட்டாள். கல்யாணத்துக்கு என்றேன். உங்களுக்கு விருப்பமா என்று கேட்டாள்.

அது தேர்வில் ஒரு கேள்வி, அவ்வளவுதான். எல்லோரிடமும் இப்படி ஏதாவது ஒரு துணைக்கேள்வி கேட்பார்கள், அதற்கென்று மார்க் உண்டு. ஆனால் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். விருப்பமில்லை என்றேன். நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன், வாய் நிற்கவில்லை. எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம். எனக்கு வேலை வேண்டும். அவர்கள் இனிமேல் எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். யாரும் வர வேண்டாம். நான் களைத்துவிட்டேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது, அதே நேரத்தில் வினைகள் எல்லாம் சரியான வடிவத்தில் விழுந்துகொண்டிருந்ததையும் கவனித்தேன். படித்த பழக்கம் எங்கே போகும்?

இதை வீட்டில் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, காகிதத்தில் எதையோ எழுதி, நன்றாகச் செய்தீர்கள், போகலாம் என்றாள்.

தேர்வில் தேறிய செய்தி பல வாரம் கழித்து வந்தது. அந்த வேலையும் கிடைத்தது, ஸ்பெயின்காரர்களின் பில்களைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போனது. அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது வாசலிலேயே அம்மா ஒரு முழம் மல்லிகையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஜல்தி வா உள்ள. தரகர் போன் பண்ணாரு. போளூர்க்காரங்களுக்கு இஷ்டமாம். புதன்கெழம பூ வைக்க வராங்க."

இத்தனை வருடங்களில் முதல் தடவையாகச் சம்மதம் வந்திருக்கிறது. அம்மாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. பேசிக்கொண்டே என் தலையில் பூவை வைத்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கெல்லாம் போக வேண்டியதில்லையாம், வியாபாரம் நன்றாக ஓடுகிறதாம். அந்த பாஷையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று மாமியார் சொன்னாராம். அப்பா தறியில் இருந்தார். நூல் சுற்றிய நாடா குறுக்கே போய்வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அம்மா காபி கொண்டுவந்து நீட்டினாள். ஒரு பாஷையில் சொல்லிவிட்டு வந்ததை இன்னொரு பாஷையில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பாஷை நான் பிறந்ததிலிருந்து பேசுவது. ஆனால் இதற்கு எந்த அட்டையிலும் விதி எழுதி வைத்திருக்கவில்லை.

"எனக்கு வேணாம்மா."

"இன்னா, காபியா?"

"கல்யாணம். இந்த மாப்ள வேணாம். யாரும் வேணாம், இப்போதிக்கி."

தறிச் சத்தம் நின்றது. அப்பா எழுந்து வரவில்லை, குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அம்மா காபி டம்ளரை என் கையிலும் கொடுக்காமல், கீழேயும் வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத்தினி வருசமா வரவன் போறவனுக்கெல்லாம் போண்டா சுட்டுப் போட்டனேடி. அப்பல்லாம் வாயத் தொறக்கறதுக்கு இன்னா?"

"யாரும் என்ன கேக்கலம்மா."

அவள் அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். கத்துவாள், அழுவாள், அப்பாவைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாக எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, காபியை ஓரமாக வைத்தாள்.

"என்ன மட்டும் யாரு கேட்டாங்க?" என்றாள். குரலில் கோபமே இல்லை. இதுநாள்வரை தோன்றாத ஒன்று அப்போதுதான் அவளுக்கே தோன்றியது போல, ஒரு மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. இப்ப நான் கேக்கறேன். நெஜமாவே உனக்கு வேணாமா?"

"வேணாம்."

அம்மா எழுந்து போய்த் தரகருக்குப் போன் போட்டாள். அவர் அந்தப் பக்கம் கத்தியது கூடம் வரைக்கும் கேட்டது. முடிவான இடத்தில் போய்ப் பெண்ணை யார் கேட்கச் சொன்னது என்றார். அம்மா ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் கத்தி முடிக்கும் வரை பொறுமையாக இருந்தாள்.

"கேட்டாத்தானேங்க தெரியும்," என்றாள்.